ஒலியில்லாத மூன்று நிமிடம்

நாட்டை ஆண்ட ராணுவத் தளபதிகளைச் சாதாரண நீதிமன்றத்தில் குற்றவாளிகளாக நிறுத்த முடியுமா? அர்ஜெண்டினா 1985இல் நிறுத்திக் காட்டியது. 2022இல் வெளிவந்த 'அர்ஜெண்டினா, 1985' திரைப்படம் சொல்வது அந்த வழக்கைத்தான். படம் பார்த்தவர்களுக்கு அரசு வழக்கறிஞர் ஸ்ட்ராஸேராவின் குரல் காதிலேயே நிற்கும். ஆனால், வழக்கு நடந்த மாதங்களில் அந்நாட்டு மக்களுக்குத் தொலைக்காட்சியில் அந்தக் குரல் கேட்கவில்லை.

1976 மார்ச் 24ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை நீடித்த அந்த ஆட்சியில் கடத்தப்பட்டுக் காணாமற்போனவர்கள் என விசாரணை ஆணையம் பதிவு செய்தது மட்டும் 8,961 பேர். 30,000 என்கின்றன மனித உரிமை அமைப்புகள். மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் அல்ஃபோன்சின், ஒன்பது தளபதிகள் மீது வழக்குத் தொடர உத்தரவிட்டார். முதல் வாய்ப்பு ராணுவ நீதிமன்றத்திற்கே தரப்பட்டது. கட்டளைகளில் குறையில்லை என்றது அது. (வேறென்ன சொல்லும்?) அதன் பிறகே வழக்கு பொது நீதிபதிகள் ஆறு பேர் முன் வந்தது.

1985 ஏப்ரல் 22இல் விசாரணை தொடங்கியது. 833 பேர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் அட்ரியானா கால்வோ. கர்ப்பிணியாக இருந்தபோது கடத்தப்பட்டவர். கண்ணும் கையும் கட்டப்பட்ட நிலையில் காவல்துறைக் காருக்குள்ளேயே பெண் குழந்தையைப் பெற்றார். குழந்தையைக் கையில் கொடுங்கள் என்று கெஞ்சியும் கொடுக்கவில்லை. பிறகு தரையை அவரையே கழுவ வைத்தார்கள்.

இதை அரசுத் தொலைக்காட்சி எப்படிக் காட்டியது தெரியுமா? நாளுக்கு மூன்றே நிமிடம், அதுவும் ஒலி இல்லாமல்! கேமரா சாட்சிகளுக்குப் பின்னால் இருந்ததால், மக்கள் கண்டது அவர்களின் முதுகைத்தான். ராணுவம் மறுபடி கிளம்பிவிடுமோ என்ற பயம் அரசுக்கு. பேச்சை மக்களிடம் கொண்டு சேர்த்தவை பத்திரிகைகளே. துணை வழக்கறிஞர் மொரேனோ ஒகாம்போவின் தாயார், விடேலாவை மதித்தவர். சாட்சியங்களை அறிந்த பிறகு அவரும் மனம் மாறினார்.

டிசம்பர் 9இல் தீர்ப்பு. விடேலா, மஸ்ஸேரா இருவருக்கும் ஆயுள் தண்டனை. மூவருக்குக் குறைந்த தண்டனை. நால்வர் விடுதலை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மற்ற அதிகாரிகளைக் காக்க 1986, 1987இல் சட்டங்கள் வந்தன. பதிவு நாடாக்களுக்கு ஆபத்து வரலாம் என்று அஞ்சிய நீதிபதிகள், 1988இல் 500 மணி நேரத்திற்கும் மேலான பதிவின் நகலை ஒஸ்லோவுக்குக் கொண்டுபோய் நார்வே நாடாளுமன்றத்தில் ஒப்படைத்தார்கள். அவர்கள் அஞ்சியதில் தவறில்லை. 1990இல் அதிபர் மெனெம், தண்டனை பெற்ற தளபதிகளுக்கே மன்னிப்பு அளித்தார்.

அந்தச் சட்டங்கள் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னது. வழக்குகள் மீண்டும் தொடங்கின. விடேலா 2013 மே 17ஆம் தேதி சிறையில் இறந்தார்.