சுற்றியது யார், சுருட்டியது யார்?

மில்லர்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் கூடிப் படிப்பது வழக்கம். சென்ற வாரம் பேச்சு எங்கெங்கோ போய், சிகரெட் சுற்றும் தாளுக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்வியில் வந்து நின்றது. "பேப்பர்னு கேட்டாலே பெட்டிக்கடை அண்ணாச்சிக்குப் புரியும்" என்றான் ஒரு தம்பி. எல்லோரும் சிரித்தோம். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிப் படிக்கும் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வீட்ல அதுக்குப் பேரு இலை. எங்கம்மா விடியுமுன்ன எந்திரிச்சு அதைத்தான் வெட்டுவாங்க" என்றாள்.

தோழர்களே, அந்த 'இலை'யைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் வரலாறு பேசுவோம்.

புகையிலை நம் மண்ணின் பயிர் அல்ல. போர்த்துகீசியர் கொண்டுவந்தது. ஆனால் அதைச் சுருட்டிப் புகைக்கும் பண்டத்துக்கு உலகம் எடுத்துக்கொண்டது தமிழ்ச் சொல்லை. 'சுருட்டு'தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. 'பீடி' வடக்கிலிருந்து வந்த சொல். மடித்த வெற்றிலையைக் குறிக்கும் 'வீடிகா' என்ற சமஸ்கிருதச் சொல்லே அதன் வேர். பீடாவும் பீடியும் ஒரே குடும்பம். இரண்டு சொற்களும் ஒரு கையின் வேலையைச் சொல்கின்றன. யாருடைய கை என்பதை மட்டும் சொல்வதில்லை.

தமிழில் 'சுருட்டு' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அடுத்தவர் காசை அமுக்கிக்கொண்டவனை 'சுருட்டிட்டான்' என்கிறோம். பீடியின் வரலாற்றுக்கு இந்த இரண்டாவது பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

தூத்துக்குடிச் செய்தித்தாளில் 'பீடி இலை' என்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் கடத்தல் செய்தி. இலங்கைக்குப் படகில் ஏற்ற வைத்திருந்த மூட்டைகள் பறிமுதல் என்று வரும். அந்த இலை இங்கே விளைவதல்ல. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடை வெயிலில் ஆதிவாசிகள் பறிக்கும் தெந்து இலை அது. அங்கிருந்து நெல்லை, தென்காசி வீடுகளுக்கு வருகிறது. பெண்கள் அதை நனைத்து, தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, தலையை மடக்கி, நூல் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுக்கும் இலை பத்தாவிட்டால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். சரியில்லை என்று தள்ளும் பீடிக்குக் கூலி கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1938-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமே பீடித் தொழிலைப் பட்டியலில் சேர்த்தது. 1958-ல் சென்னை மாகாணம் பீடிப் பட்டறைகளுக்குத் தனிச் சட்டம் போட்டது. பட்டறைக்குத்தானே சட்டம் என்று முதலாளிகள் வேலையை வீட்டுத் திண்ணைக்கு மாற்றினார்கள். 1966-ல் மத்தியச் சட்டம் வந்து, இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்றது. கேரளத்தில் அதை அமல்படுத்தப் போனபோது, 1968-ல் மங்களூரின் பெரிய நிறுவனம் ஒன்று அங்கிருந்த பட்டறைகளை மூடிவிட்டுப் போனது. தெருவுக்கு வந்த கண்ணூர்த் தொழிலாளர்கள் 1969-ல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைக் கட்டினார்கள். நம் பக்கம் அப்படி எழவில்லை. இங்கே பெண்கள் ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியாக இருந்தார்கள்.

இனி நம்மைக் குத்தும் கேள்விக்கு வருவோம். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தலித்துகளை விடவில்லை. அங்கே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் படும், தீட்டு என்றார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடமே கேள்வியாக வைத்தார்.

பீடியோ நேரே வாய்க்குப் போகும் பண்டம். பீடி சுற்றுவது ஒரு சாதியின் குலத்தொழில் அல்ல. முஸ்லிம் பெண்கள், பிற்படுத்தப்பட்ட சாதிப் பெண்கள், தலித் பெண்கள் என்று எல்லோரும் சுற்றுகிறார்கள். நமக்கு இரட்டைக் குவளை வைத்த டீக்கடையிலும் பீடிக்கட்டு விற்றது. 'இதைச் சுற்றியது எந்தத் தெருக்காரி' என்று யாராவது கேட்டதுண்டா? நூலில் வந்த எச்சில் தீட்டு பீடியில் ஏன் வரவில்லை?

நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அதனால் வாசலில் தீட்டைக் காவல் வைத்தார்கள். பீடியில் கூலி குறைவு. அதனால் யார் கையாக இருந்தாலும் சரி. கட்டின் மேல் கம்பெனி லேபிளை ஒட்டிவிட்டால் கை மறைந்துவிடும். சாதி வெறும் அருவருப்பு என்று நினைக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அருவருப்பு எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்பதைக் கூலிதான் தீர்மானித்திருக்கிறது.

நம் பெண்கள் பலர் பீடித் தட்டை விரும்பியே எடுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். பண்ணையார் வயலில் வசவு வாங்குவதைவிட வீட்டு நிழல் மேல் என்று நினைத்தார்கள். அது விடுதலையின் ஒரு படிதான். ஆனால் முதுகு வலியும் புகையிலைத் தூசியின் இருமலும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தன. புகையிலைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. இந்தத் தொழில் ஒழியட்டும். ஆனால் மாற்று வேலை கொடுத்துவிட்டு ஒழியட்டும்.

சுற்றிய கைக்கு ஆதாரம் பாஸ்புத்தகமும் அடையாள அட்டையும்தான். 1976-ல் பீடித் தொழிலாளர் நலநிதி வந்தது. 1977 முதல் வருங்கால வைப்பு நிதி. அது வீட்டில் சுற்றுபவருக்கும் உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது நலநிதிக்கான தனி வரி நீக்கப்பட்டது. இருந்தாலும் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இன்னும் இருக்கிறது. விண்ணப்பிக்கத் தாயின் அட்டை வேண்டும்.

அந்தத் தங்கையிடம் அட்டை பற்றிக் கேட்டோம். "அம்மா பதினெட்டு வருசமா சுத்துறாங்க அக்கா. பாஸ்புக் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பேர்ல இருக்கு" என்றாள். பதினெட்டு வருட உழைப்பு இன்னொருவர் பெயரில். அந்தப் பெரியம்மாவும் நம்மைப் போன்ற ஏழைதான். சண்டை அவரோடு அல்ல. தனித்தனி பாஸ்புத்தகம் போட்டால் தனித்தனியாக வைப்பு நிதி கட்ட வேண்டும் என்பதற்காக இப்படி நடத்திக்கொண்டவர்களோடுதான் சண்டை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பீடி சுற்றும் ஒவ்வொரு அம்மாவிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். பாஸ்புத்தகம் யார் பெயரில்? அடையாள அட்டை இருக்கிறதா? வைப்பு நிதி எண் தெரியுமா? பதிலை நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த ஞாயிறு அந்தத் தங்கையின் அம்மாவுக்கான மனுவை எழுதுகிறோம். உங்கள் நோட்டுகளில் வரும் பெயர்களுக்கும் சேர்த்தே எழுதுவோம்.