கேட்போனும் பாணனே: ஓய்மாநாட்டுச் சான்று ஒன்று

அறிவியற் புனைகதையுள் உலவும் மாந்தர் தாமும் அறிவியற் புனைகதை படித்து மகிழ்வரோ என்னும் வினா விளையாட்டாகத் தோன்றலாம். விண்கலமும் எந்திர மாந்தரும் அன்றாடக் காட்சியாகிய உலகில் வாழ்வோர்க்கு அக்கதையில் வியத்தற்கு யாது உளது என்பதே அதன் உட்கிடை. இதற்கு விடைகாணத் துணைபுரியும் பழஞ்சான்று, திண்டிவனத்தைச் சூழ்ந்த ஓய்மாநாட்டைப் பற்றி எழுந்த சிறுபாணாற்றுப்படையாகும்.

நத்தத்தனார் பாடிய இந்நூல் 269 அடிகளை உடையது. பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன். அவனது கிடங்கில் இன்று விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. வழியிடைக் கூறப்படும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியெனக் கொள்வர் ஆய்வாளர்.

பரிசில் பெற்றோர் பெறாதோர்க்கு நெறி காட்டுதலே ஆற்றுப்படை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். ஆகவே இந்நூலுள் கூறுவோனும் பாணன், கேட்போனும் பாணன். பாட்டின் முதற் சுவைஞன் பாட்டினுள்ளேயே உளன். யாழும் இசையும் வழிநடை வருத்தமும் அவனுக்குப் புதியன அல்ல. எனினும் அவன் கேட்கின்றான்.

ஏன் என்பதற்கு நூலே விடை தருகின்றது. கூறுவோன் தன் பழைய வறுமையை மறையாது உரைக்கின்றான்: கண் திறவாக் குட்டிகளுக்குப் பாலூட்ட மாட்டாது குரைக்கும் நாய், உப்பின்றி வெந்த கீரை, பிறர் காணின் நாணமென அடைத்த கதவு. கேட்போன் இதில் தன் இல்லத்தையே காண்பான். பின்னர் நல்லியக்கோடன் அடிசில் கூறப்படுகின்றது. அது வீமன் இயற்றிய மடைநூலின் நெறி வழுவாது சமைத்தது என்பது பாட்டு. பழங்கதை மாந்தன் ஒருவனது நூல் இக்கதை மாந்தர்க்கு உணவாகப் பயன்படுகின்றது. கேட்போன் வியப்பது தான் அறிந்த யாழையன்று. தன்பால் இல்லாத நிறைவையே.

இனி, இக்காலச் சான்று ஒன்றைக் காண்போம். 1980களில் வெளிவந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2021ஆம் ஆண்டில் நிகழ்வதாகப் புனையப்பட்டது. அதில் வரும் ஜீனோ என்னும் எந்திர நாய் நூல்களைப் படிக்கும். எந்திரம் அதற்குப் புதுமையன்று. தான் பெறாத மனித வாழ்வை நூலில் தேடுகின்றது எனக் கொள்ளுதல் பொருந்தும். அவ்வாண்டும் இன்று கழிந்துவிட்டது. ஆயினும் கதை படிக்கப்படுகின்றது. எனவே அதன் சுவை கருவியின் புதுமையில் மட்டும் நின்றதன்று.

இரண்டிற்கும் வேற்றுமை உண்டு. கிடங்கில் காலால் நடந்து சேரத்தக்கது. புனைகதையின் உலகம் அத்தகையதன்று. ஆயினும் உள்ளதற்கும் இல்லதற்கும் இடைப்பட்ட தொலைவே இருவகை நூல்களிலும் சுவைக்கு நிலைக்களன். எல்லாம் வாய்த்த மாந்தர்க்கே அறிவியற் புனைகதை சுவையாது. குறையுடையார்க்கு எவ்வுலகிலும் சுவைக்கும். அன்று பரிசில் பெற்ற கேட்போன் மறுநாள் வேறொரு பாணனுக்குக் கூறுவோனாவான் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஏனை ஆற்றுப்படைகளையும் இந்நோக்கில் ஆராய்தல் பயன்தரும்.