நாட்டைக் கேட்டார்கள், ஊரைக் கேட்கவில்லை

இந்தியக் குடிமக்கள் ஒவ்வொருவரும் நாட்டின் எப்பகுதியிலும் தங்கி வாழலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு. இவ்வுரிமையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சிற்றூரிலிருந்து பெருநகருக்குப் பெயர்ந்தவர்களையே எடுத்துக்காட்டுவர். இதன் உண்மையான எடையை அறிய வேண்டுமாயின், போர்ட் பிளேயருக்குத் தெற்கே நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால், நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் நடுவே கிடக்கும் கச்சால் என்னும் தீவைப் பார்க்க வேண்டும். இலங்கையின் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சில, அங்கே ரப்பர் மரங்களில் பால்வெட்டுவதற்காகக் குடியேற்றப்பட்டன. அவர்களின் எண்ணிக்கை பெரிதன்று. ஆயினும் 'எங்கே வாழ்வது' என்னும் கேள்வி எவரிடம் கேட்கப்படுகிறது, எவரிடம் கேட்கப்படுவதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருமளவில் நாடற்றவராக்கியது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஏற்பாடு. 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அந்த எஞ்சியோரையும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பங்கிட்டது. பேச்சுவார்த்தை மேசையில் மலையகத்தார் எவரும் அமரவில்லை. எண்களை முதலில் முடிவு செய்துவிட்டு, அவற்றை நிரப்பப் பிறகு ஆட்களைத் தேடிய ஒப்பந்தம் அது.

விண்ணப்பம் கோரப்பட்டபோது மக்களின் விருப்பம் அந்த எண்களோடு பொருந்தவில்லை. இந்தியக் குடியுரிமைக்கு ஒதுக்கப்பட்ட அளவைவிடக் குறைவானோரே விண்ணப்பித்தனர். இலங்கைக் குடியுரிமையை நாடியோரோ ஒதுக்கீட்டை வெகுவாக விஞ்சினர். இரண்டு மூன்று தலைமுறைகளாக அம்மண்ணில் பிறந்து, அம்மண்ணிலேயே முன்னோரைப் புதைத்தவர்கள் அங்கேயே இருக்க விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் அரசு ஆவணங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்புதல் என்னும் வினை, முன்பு புறப்பட்ட இடமொன்று இருப்பதாகக் கொள்கிறது. கண்டியிலோ இரத்தினபுரியிலோ பிறந்து, இந்தியாவை ஒருமுறையும் கண்டிராத ஒருவர் எவ்விடத்திற்குத் 'திரும்ப' முடியும்? பாட்டன் புறப்பட்ட ஊரை அவர் புறப்பட்ட ஊராகக் கொண்டது அந்தச் சொல். அதனால் அவர் வாழ விரும்பும் இடம் எது என்று கேட்கும் தேவையும் எழாமற்போனது.

வந்த வழியும் பழைய வழியே. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை ஒரு காலத்தில் நோய்த்தடுப்பிற்காக நிறுத்தி வைத்திருந்த அதே முகாம்தான் அது. பேரர்கள் அந்த வாயில் வழியாக உள்ளே வந்தபோது கையில் ஒரு குடும்ப அட்டை இருந்தது. எந்த மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் அக்குடும்பம் வருகிறது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். 1984இல் கப்பல் நின்றுபோகும் வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர்.

திட்டங்களை வகுத்தவர்கள், உழைப்பு எங்கே தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்த்தார்கள். நீலகிரியில் 1968இல் தொடங்கிப் பின்னர் 'டான்டீ' கழகமாக வளர்ந்த அரசுத் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தின் புனலூர்ப் பகுதியிலும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் ரப்பர்த் தோட்டங்கள், தமிழகத்திலும் ஆந்திரத்திலும் நூற்பாலைகள், பெருந்தொகையினருக்குச் சிறு தொழில் தொடங்கக் கடன் எனப் பட்டியல் நீண்டது. அதன் கடைசியில் கச்சாலும் இருந்தது. மைய அரசு அங்கே ரப்பர் பயிரிட முனைந்திருந்தது. பால்வெட்டத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. அக்கைகள் மண்டபத்தில் காத்திருந்தன. ஒரு குடும்பம் கோத்தகிரியில் வாழ்வதா கச்சாலில் வாழ்வதா என்பது இத்தகைய கணக்கின் விளைவாக அமைந்தது.

ஆனால் இக்கணக்கு தரைப்பகுதியில் முழுமையாக நிறைவேறவில்லை. ஐயாயிரம் ரூபாய் தொழிற்கடன் பெற்றுச் சமவெளி மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் அங்கே நிலைக்கவில்லை. கடை வைத்துப் பழகாதவர்கள், வெயிலுக்குப் பழகாதவர்கள், சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட இடத்தில் 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைகளுக்கும் ஏறினார்கள். எவரும் ஒதுக்கித் தராத இடங்களில் குடிசை போட்டார்கள். கொழுந்து பறிக்கும் வேலையும், குளிரும், மலைச்சரிவும், முன்னரே போய்ச் சேர்ந்திருந்த உறவினரும் அவர்களை இழுத்தன. அங்கேயும் துன்பம் குறைவில்லை. கொடைக்கானல் மலைகளில் சிலர் கொத்தடிமைகளாகவே சிக்கினர். எனினும் அரசு காட்டிய இடத்தை விட்டுத் தமக்கேற்ற இடத்தைத் தேடிச் செல்ல அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியின் பெயர் பேருந்துச் சாலை.

கச்சாலில் அந்தச் சாலை இல்லை. பிடிக்கவில்லையென்றால் பக்கத்து மாவட்டத்திற்குப் போய்விடலாம் என்னும் வாய்ப்பைக் கடல் தரவில்லை. போர்ட் பிளேயருக்குக் கப்பல் வர வேண்டும்; அங்கிருந்து சென்னைக்கு மற்றொரு கப்பல்; ஒவ்வொன்றும் நாள்கணக்கில். அதற்கும் மேலாக, நிக்கோபார்த் தீவுகள் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்கீழ் வருபவை. வெளியார் அங்கே நிலம் வாங்கவோ, அனுமதியின்றி நுழையவோ இயலாது. பழங்குடியினரின் நலன் கருதிக் குடியமரும் உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று 19ஆம் உறுப்பே கூறுகிறது. அந்தப் பாதுகாப்பு நியாயமானது. நிக்கோபாரியர் இன்றும் தங்கள் மண்ணில் வாழ்வதற்கு அதுவே காரணங்களுள் ஒன்று. ஆனால் அதன் விளைவாக, தோட்டத் தொழிலாளரின் நிலை மலையகத்து லயத்தில் இருந்ததைப் போன்றே ஆயிற்று: வேலை உள்ளவரை வீடு, தோட்டம் உள்ளவரை வேலை, நிலம் என்றும் தமதன்று. நாடற்ற நிலையிலிருந்து மீண்டவர்கள் நிலமற்ற நிலையில் நின்றார்கள். தங்கள் தீவில் தோட்டம் போடலாமா, ஆட்களைக் கொண்டுவரலாமா என்று நிக்கோபாரியரிடம் கேட்டே எல்லாம் நடந்தது என்றும் கூறுவதற்கில்லை. வந்தவர்களும் தேர்ந்து வரவில்லை. இருந்தவர்களும் தேர்ந்து ஏற்கவில்லை.

அந்தமானின் நெடிய வரலாற்றில் இது புதிய கதையன்று. 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளோடு தொடங்கிய குடியேற்றம் அது. 1921ஆம் ஆண்டின் மலபார்க் கிளர்ச்சிக்குப்பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார், தென் அந்தமானில் தாங்கள் இருத்தப்பட்ட இடங்களுக்கு மஞ்சேரி, வண்டூர், திரூர், மண்ணார்க்காடு எனத் தங்கள் ஊர்ப்பெயர்களையே இட்டனர். வாழும் இடத்தைத் தேர முடியாதவர்கள் அவ்விடத்தின் பெயரையாவது தேர்ந்துகொண்டார்கள். 1949 மார்ச் முதல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. அவற்றிற்கு ஆளுக்குப் பத்து ஏக்கர்: ஐந்து ஏக்கர் நெல்லுக்கு, ஐந்து ஏக்கர் மேட்டுநிலம். 1969 முதல் பெரிய நிக்கோபாரின் கேம்பல் விரிகுடாவில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் முந்நூறுக்கும் மேல் குடியமர்த்தப்பட்டன. நிலம் பெற்றவர்கள் காலப்போக்கில் தீவினராக வேரூன்றினர். கச்சால் தோட்டத்தாருக்கு அத்தகைய பட்டா கிட்டவில்லை. ஒரே அரசு, ஒரே தீவுக்கூட்டம். குடியேற்றியதன் நோக்கம் உழவா கூலியுழைப்பா என்பதைப் பொறுத்து வாழ்வு வேறுபட்டது.

அனுப்பப்பட்ட இடத்தை ஏற்காமல் தாமே ஓர் இடத்தைத் தேர்ந்தவர்களுக்கு நேர்ந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். கிழக்கு வங்க அகதிகளுள் பலர் நடு இந்தியாவின் தண்டகாரண்யத்திற்கு அனுப்பப்பட்டனர். மொழியும் நீரும் நெல்லும் வேறாயிருந்த அம்மண்ணை விட்டு, 1978இல் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவை வந்தடைந்தனர். தம் கையாலேயே பள்ளியும் கரையும் கிணறும் அமைத்தனர். 1979இல் மேற்கு வங்க அரசு அவர்களை வன்முறையால் வெளியேற்றியது. எத்தனை உயிர்கள் போயின என்பது இன்றும் வழக்காடப்படுகிறது. அரசு தேர்ந்து கொடுத்த இடத்தில் இருந்தவர் பயனாளி. தாமே தேர்ந்த இடத்திற்குச் சென்றவர் அத்துமீறியவர்.

தாமே விரும்பி வந்தவர்களின் நிலையும் அந்தமானில் ஆராயத்தக்கது. துறைமுகத்திலும் கட்டடப் பணியிலும் கடைத்தெருவிலும் வேலை தேடித் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஏராளம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காட்டினர். வங்காளத்திற்கும் இந்திக்கும் அடுத்த இடம். ஆனால் தீவுகளின் பிற பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுபவை ஐந்து பிரிவுகளே: 1942க்கு முந்தைய உள்ளூர்ப் பிறப்பினர், மாப்பிள்ளைமார், கரேன்கள், பாந்துக்கள், கிழக்கு வங்கக் குடியேறிகள். பெரும்பாலும் அரசு கொணர்ந்த மக்களின் வழிவந்தோர் இவர்கள். ஒரு காலத்துத் தண்டனையும் இடப்பெயர்வும் இன்று உரிமைக்கான சான்றாகின்றன. தன் விருப்பத்தால் வந்தவருக்கு அச்சான்று இல்லை. அரசே கொணர்ந்திருந்தும் கச்சால் தமிழர் இப்பட்டியலின் எந்தப் பிரிவிலும் அடங்கவில்லை.

2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், புத்தாயிரத்தின் முதற்கதிர் விழும் இடமென்று கச்சால் உலகச் செய்திகளில் அடிபட்டது. ஐந்தாண்டுகளுக்குள், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலையால் மிகக் கொடிய அழிவுக்குள்ளான இந்தியத் தீவுகளுள் ஒன்றாக அதே கச்சால் மீண்டும் செய்தியானது. 2001இல் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2011இல் மூவாயிரத்துக்கும் கீழே சரிந்திருந்தது. கரையோரத்தில் வாழ்ந்த நிக்கோபாரியர் பெருந்தொகையில் மாண்டனர். நிலமே தாழ்ந்து கடற்கரைகள் சில நிரந்தரமாக நீருக்குள் போயின. அதன்பின் 'எங்கே வாழ்வது' என்னும் கேள்வி நிக்கோபாரியர் பக்கம் திரும்பியது. பெரிய நிக்கோபாரின் மேற்கு, தெற்குக் கரைகளில் வாழ்ந்தவர்கள் கேம்பல் விரிகுடாவை அடுத்த புதிய குடியிருப்புகளில் இருத்தப்பட்டனர். முன்னோர் வாழ்ந்த ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது இருபதாண்டுகளாக அவர்கள் விடுத்துவரும் கோரிக்கை.

இங்கே 'திரும்புதல்' என்னும் சொல் தன் முழுப்பொருளோடு நிற்கிறது; இம்மக்கள் உண்மையிலேயே அங்கிருந்து புறப்பட்டவர்கள். 1964இல் திரும்ப விரும்பாதவர்களின்மேல் அச்சொல்லை ஏற்றிய அரசமைப்பு, திரும்ப விரும்புவோரின் வாயிலிருந்து அதைக் கேட்கும்போது தயங்குகிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பெருந்திட்டம், துறைமுகமும் விமான நிலையமும் புதிய நகரமுமாக அத்தீவில் எழவிருக்கிறது. சுமார் எட்டாயிரம் பேர் வாழும் தீவில் லட்சக்கணக்கானோர் குடியேறுவர் என்பது அதன் எதிர்பார்ப்பு. அவர்களுள் எத்தனை பேர் தாமே தேர்ந்து வருவர், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரப்படுவர் என்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

கச்சாலின் வரலாறு உணர்த்துவது இதுதான்: ஓரிடத்தில் வாழும் உரிமைக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒன்று, பிடிக்காத இடத்தை விட்டு நீங்கும் வழி. மற்றொன்று, பிடித்த இடத்தில் ஊன்றி நிற்க ஒரு பிடி நிலம். நீலகிரிக்கு ஏறியவர்களுக்கு முதற்காலாவது இருந்தது. பத்து ஏக்கர் பெற்ற வங்காளிகளுக்கு இரண்டாவது கிட்டியது. இரண்டும் இல்லாத இடத்தில் பால்வெட்டியவர்களுக்கு அரசமைப்பின் 19ஆம் உறுப்பு ஏட்டில் இருந்தது. கப்பல் வரும் நாள் மட்டும் எவருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை.