மொட்டை மாடியில் கியாஸ் கிரில் அடுப்பா? உஷார்!

பிறந்த நாள், புத்தாண்டு என்றால் மொட்டை மாடியில் கியாஸ் கிரில் அடுப்பை வைத்து சிக்கன் சுடுவது சகஜமாகி விட்டது. திறந்தவெளிதானே, என்ன ஆகப்போகுது என்ற அலட்சியம் வேண்டாம்.

சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. கசிந்தால் மேலே போகாது, தாழ்வான இடத்தில் தேங்கும். எனவே அடுப்பு மூடியை திறந்து வைத்த பிறகே பற்ற வைக்க வேண்டும். காற்றில் தீ அணைந்தால் உடனே லைட்டரை தட்டாதீங்க. வால்வை மூடி, 5 நிமிடம் பொறுங்க.

குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாக தெரியும். தீக்குச்சி உரசிப் பார்ப்பது எமனுக்கு வெத்தலை பாக்கு வைக்கிற கதை!

விருந்து முடிந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிலிண்டரை இறக்கி மாடிப்படிக்கு அடியில் தள்ளி விடுகிறார்கள். மோட்டார் சுவிட்ச், பைக் எல்லாம் அங்கேதான் இருக்கும். கியாஸ் தேங்கினால் ஒரு பொறி போதும். ரெகுலேட்டரை கழற்றி, பாதுகாப்பு மூடியை மாட்டி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைக்கவே கூடாது.

வாடை அடித்தால் சுவிட்சை போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.