பச்சையப்பர் எழுதிவைத்த உயில்

'உயில்' என்பது சுத்தத் தமிழ்ச் சொல் என்று நினைத்திருப்பவர்கள் மன்னிக்கவும். ஆங்கிலேயரின் 'வில்'தான் நம் ஊர் நாக்கில் புரண்டு 'உயில்' ஆகிவிட்டது! சொல் மட்டுமில்லை, சமாசாரமே இறக்குமதிதான். அப்பன் சொத்து யார் யாருக்கு என்று சாஸ்திரமும் வழக்கமும் பங்கு பிரித்து வைத்திருந்த தேசத்தில், 'நான் போன பிறகு இன்னாருக்கு இவ்வளவு' என்று எழுதிவைக்கும் பழக்கமே இல்லை.

கும்பினியாரோடு பழகிய மதராஸ்காரர்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படி உயில் எழுதிய ஆரம்பகால இந்துக்களில் ஒருவர் பச்சையப்ப முதலியார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, துபாஷாகி, லட்சக்கணக்கில் சம்பாதித்தவர். 1794 மார்ச் மாதம், உடம்பு முடியாமல் இருந்த நேரத்தில், சொத்தில் பெரும்பகுதியைக் கோயில்களுக்கும் தர்மத்துக்கும் என்று எழுதிவைத்தார். சில நாட்களிலேயே திருவையாற்றில் காலமாகிவிட்டார்.

உயில் இருக்கிறது. பணமும் இருக்கிறது. தர்மம் நடந்ததா? அதுதான் இல்லை! பொறுப்பு கை மாறிக்கொண்டே போனது. கணக்கு கேட்க ஆளில்லை. கடைசியில் மதராஸ் சுப்ரீம் கோர்ட் தலையிட்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் விடாப்பிடியாக நின்று பணத்தை மீட்டார். கோயில் கைங்கரியத்துக்கு 1 லட்சம் வராகனை ஒதுக்கியது போக, வட்டியாகச் சேர்ந்திருந்த தொகை படிப்புக்கு என்று முடிவானது. 1842 ஜனவரி 1-ம் தேதி பிராட்வேயில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுதான் பிற்பாடு பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. உயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓடிப்போனது 48 வருஷம்!

இந்த மாதிரிச் சிக்கல்களுக்குத்தான் 'புரொபேட்'. வேறொன்றுமில்லை... 'இது உண்மையான உயில்தான்' என்று கோர்ட் சரிபார்த்து, முத்திரை குத்தித் தரும் நகல். நிறைவேற்றும் பொறுப்பை ஏற்ற எக்ஸிகியூட்டருக்கு அதுதான் அதிகாரப் பத்திரம். 1870-ல் வந்த இந்து உயில்கள் சட்டம், மதராஸ் பட்டணத்து இந்துக்களையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவும் அதையே தொடர்ந்தது. விளைவு வேடிக்கையானது. மயிலாப்பூர் வீட்டை உயிலில் பெற்ற இந்துப் பிள்ளை, புரொபேட் இல்லாமல் கோர்ட்டில் உரிமை கோர முடியாது. மதுரைக்காரர் மதுரையிலேயே இருந்து மதுரை வீட்டுக்கு எழுதிய உயிலுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை!

இந்தப் பாரபட்சத்துக்கு 2025 டிசம்பரில் முற்றுப்புள்ளி விழுந்தது. நாடாளுமன்றம் 213-வது பிரிவையே நீக்கிவிட்டது. அதற்காக புரொபேட்டே ஒழிந்தது என்று அர்த்தமில்லை. கட்டாயம்தான் போனது. பங்காளிச் சண்டை வரும் என்று பயமிருந்தால் இப்போதும் கோர்ட்டுக்குப் போய் வாங்கிவைத்துக்கொள்ளலாம்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. ஆனால், இரண்டு சாட்சிகள் அவசியம். எழுதியவர் கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்தோ, 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் கேட்டோ, அவர் முன்னிலையிலேயே இருவரும் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆகவே, உங்களைவிட வயதில் இளையவராக, சொத்தில் பங்கில்லாதவராகப் பாருங்கள். மனசு மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். தேதி போட மறக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், யாரை எக்ஸிகியூட்டராகப் போடுகிறோம் என்பது. கணக்கு வழக்கில் சுத்தமானவரா, சொன்னதைச் செய்கிறவரா என்று பார்த்துப் போடுங்கள். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள்.

'உசிரோட இருக்கும்போதே உயிலா? அபசகுனம்!' என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். பச்சையப்பர் அப்படி நினைத்து எழுதாமல் விட்டிருந்தால், அந்தப் பணத்துக்காகக் கோர்ட்டில் வாதாட நார்ட்டன் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது.