உபதேசியார்: இந்திய லுத்தரன் சபைகளின் ஊழிய வரலாற்றில் ஒரு விடுபடல்

இந்திய லுத்தரன் திருச்சபைகளின் வரலாறு பெரும்பாலும் வருகைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூச்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினர். 1842இல் ஹேயர் குண்டூரை அடைந்தார். 1845 நவம்பர் 2 அன்று கோஸ்னர் மிஷனைச் சேர்ந்த நால்வர் ராஞ்சிக்கு வந்தனர். நூல்களின் அத்தியாயங்கள் இந்நாள்களிலிருந்தே தொடங்குகின்றன. ஆனால் ஒரு கிராமத்துச் சபையில் ஞாயிறுதோறும் ஆராதனையை நடத்தியவர் யார்? பிள்ளைகளுக்குப் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சொல்லிக்கொடுத்தவர் யார்? நோயில் கிடந்தவர் அருகில் அமர்ந்து செபித்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடினால் நாம் வந்தடைவது உபதேசியாரிடம். அவருக்குச் சபை எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்க மறுத்தது என்பதைக் கொண்டே அச்சபையின் இயல்பை அறியலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

உபதேசியாரின் கையிலிருந்த முதன்மையான கருவி லுத்தரின் சிறிய ஞானோபதேசம். 1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடச் சென்ற லுத்தர், சாதாரண மக்கள் மட்டுமல்லாமல் குருக்களிலும் பலர் விசுவாசத்தின் அடிப்படைகளை அறியாதிருந்ததைக் கண்டார். அதன் விளைவாக 1529இல் வெளிவந்த அச்சிறு நூல், கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய செபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து ஆகியவற்றை வினா விடையாக விளக்குகிறது. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு இவற்றைக் கற்பிக்கவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதாவது, கற்பித்தல் என்னும் பணி குருவானவரோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் செல்லவேண்டும் என்ற எண்ணம் அந்நூலின் அமைப்பிலேயே இருந்தது.

சீகன்பால்க் அதனைத் தம் பணியின் தொடக்க ஆண்டுகளிலேயே தமிழாக்கினார். ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லி மனத்தில் இருத்தும் திண்ணைப் பள்ளி முறை இங்கே வேரூன்றியிருந்தது. சீகன்பால்க் தாமே அப்படிப்பட்ட பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகியவர். ஆகவே வினாவும் விடையுமாய் அமைந்த ஞானோபதேசம் இம்மண்ணின் கல்வி முறையோடு எளிதில் பொருந்திற்று. எழுதப்படிக்கத் தெரியாதவரும் கேட்டு மனனம் செய்து ஞானஸ்நானத்துக்கோ திருவிருந்துக்கோ ஆயத்தமாக முடிந்தது. அவ்வாறு ஆயத்தம் செய்வித்தவர் உபதேசியாரே. ஊர் ஊராகச் சென்று உரையாடுதல், சிதறிக்கிடந்த குடும்பங்களைக் கூட்டி வேதம் வாசித்தல், பாட்டுக் கற்பித்தல், பிணக்குத் தீர்த்தல், பார்த்ததையும் கேட்டதையும் மிஷனரிகளிடம் அறிவித்தல் ஆகியன அவருடைய கடமைகளாயிருந்தன. 1710 முதல் ஹாலே நகரிலிருந்து வெளியிடப்பட்ட தரங்கம்பாடி அறிக்கைகள் பலவற்றின் பின்னால் இவ்வுபதேசிமாரின் கண்களும் காதுகளும் உள்ளன.

இங்கே லுத்தரன் இறையியலுக்குள்ளேயே ஓர் இழுபறி தோன்றுகிறது. ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஆசாரியர் என்று லுத்தர் 1520இல் எழுதினார். ஆனால் 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14ஆம் பிரிவு, முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகக் கற்பிக்கவோ திருவருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என்கிறது. இந்தியாவில் இவ்விரண்டுக்கும் இடையே உபதேசியார் நிறுத்தப்பட்டார். கற்பித்தல் அவரிடம் விடப்பட்டது. அப்பமும் இரசமும் அவரிடம் விடப்படவில்லை. மரணத் தறுவாயில் உள்ளவருக்கு எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற லுத்தரன் ஏற்பாடு அவசரத்துக்கு மட்டுமே உரியது. திருவிருந்துக்கு அத்தகைய விலக்கு இருக்கவில்லை. குருவபிஷேகம் பெற்ற ஐயர் வரும் வரையில் சபை காத்திருந்தது.

அந்த அபிஷேகம் முதன்முறையாக ஓர் இந்தியருக்குக் கிடைத்தது 1733 டிசம்பர் 28 அன்று. முதல் மிஷனரிகள் வந்து 27 ஆண்டுகள் கடந்திருந்தன. பெற்றவர் ஆரோன், கடலூரில் வேளாளர் குடியில் பிறந்து, 1718இல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராய் உழைத்தவர். இந்நிகழ்வு கொண்டாடத்தக்கது, கொண்டாடப்பட்டும் வருகிறது. இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டிய இன்னொரு வாழ்க்கை இராஜநாயக்கனுடையது. தஞ்சை அரசனின் படையில் பணிபுரிந்த அவர் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதநூல் வழியாக லுத்தரன் சபையை நாடி வந்தவர். தஞ்சை நாட்டின் உட்பகுதிகளில் மிஷனரிகள் எளிதில் நுழைய இயலாத காலத்தில் அங்குள்ள சபைகளைப் பல பத்தாண்டுகள் தாங்கியவர் அவரே. அவருக்கு அபிஷேகம் அளிப்பது பற்றிப் பேச்சு எழுந்தபோது, குறுக்கே நின்றது அவருடைய அறிவோ ஒழுக்கமோ அன்று. அவர் பறையர் குலத்தவர். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து பெறத் தயங்குவர் என்பதே தடையாயிற்று. 1741இல் தியோகு இரண்டாவது ஐயராக அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இதனை ஒரு தனிமனிதரின் ஏமாற்றமாக மட்டும் கொள்ளலாகாது. அதே இராஜநாயக்கன் கற்பித்த கற்பனைகளை எல்லாரும் கேட்டனர். அவர் வாயிலிருந்து வந்த சொல் ஏற்கப்பட்டது. அவர் கையிலிருந்து வரக்கூடிய அப்பம் ஏற்கப்படாது என்று கருதப்பட்டது. கற்பித்தலுக்கும் திருவிருந்துக்கும் இடையில் இறையியல் இட்டிருந்த கோட்டின்மேல் சாதி தன் கோட்டையும் போட்டுக்கொண்டது. ஒழுங்கின் பெயரால் நின்ற வேறுபாடு, பிறப்பின் வேறுபாட்டுக்கு மறைப்பாகவும் உதவிற்று. 19ஆம் நூற்றாண்டில் இச்சிக்கல் வெளிப்படையாகவே வெடித்தது. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென ஆணையிட்டார். அதை ஏற்க மறுத்த குடும்பங்களில் ஒரு பகுதியினர், பின்னர் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனிடம் அடைக்கலம் கண்டனர். சாதியைக் குடிமை வழக்கமாகக் கொண்டு, படிப்படியாகவே அது மறையவேண்டும் என்பது அம்மிஷனின் தலைவர் கிராலின் நிலைப்பாடு. ஆராதனையில் யார் எங்கே அமர்வது, யாருக்குப் பின் யார் கிண்ணத்தில் பருகுவது என்பன அன்று சில்லறை வினாக்களாக இருக்கவில்லை.

தமிழகத்து அனுபவத்தைச் சோட்டாநாகபுரியின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் உபதேசியாரின் இடம் இன்னும் தெளிவாகும். ராஞ்சியில் முதல் ஞானஸ்நானம் 1850 ஜூன் 9 அன்று ஒராவோன் மக்கள் நால்வருக்கு அளிக்கப்பட்டது. முண்டா மக்கள் அடுத்து வந்தனர். 1857 கிளர்ச்சியின்போது மிஷனரிகள் ராஞ்சியை விட்டு வெளியேறினர். 1855இல் கட்டப்பட்ட கிறிஸ்து ஆலயம் பீரங்கிக்கு இலக்காயிற்று. அவர்கள் திரும்பி வந்தபோது விசுவாசிகளும் இருந்தார்கள். அங்கு உபதேசியாருக்குப் பெயர் பிரசாரக். இந்தி ஆராதனை மொழியாயிருந்தாலும், காட்டுக் கிராமங்களில் முண்டாரியிலும் குடுக்கிலும் பொருள் விளக்கியவர் அவரே. நோட்ராட் முண்டாரியில் மொழிபெயர்த்த முழு வேதாகமம் வெளிவந்தது 1910இல்தான். அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் அம்மக்களின் மொழியில் நடந்த கற்பித்தலின் பெரும்பகுதி பிரசாரக்கின் நாவில் நிகழ்ந்தது.

முதல் உலகப்போர் இரு பகுதிகளையும் ஒரே சோதனைக்கு உட்படுத்தியது. ஜெர்மானிய மிஷனரிகள் பகை நாட்டினராகக் காவலில் வைக்கப்பட்டு, பின் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். தமிழகத்தில் அவர்களது இடத்தை சுவீடன் திருச்சபையின் மிஷன் நிரப்பிற்று. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. 1921இல் அதன் முதல் பேராயராக அபிஷேகம் பெற்றவர் சுவீடன் நாட்டவரான ஹெயுமன். முதல் தமிழ்ப் பேராயர் இராஜபூஷணம் மாணிக்கம் பொறுப்பேற்றது 1956இல்.

ராஞ்சியிலோ அவ்வாறு இடம் நிரப்ப வேறொரு லுத்தரன் மிஷன் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆங்கிலிக்கன் சபையோடு இணைந்துவிடும் வழியும் முன்னிருந்தது. சபையார் அவ்வழியைத் தேர்ந்துகொள்ளாமல், 1919 ஜூலை 10 அன்று தம் சபையைத் தன்னாட்சி உடையதாக அறிவித்தனர். ஹனுக் தத்தோ லக்ரா தலைவராகவும் பேதுரு ஹுராத் செயலராகவும் பொறுப்பேற்றனர். இம்முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு. நிலத்துக்காகப் போராடிப் பழகிய மக்களின் தன்மான உணர்வும் அவற்றுள் ஒன்று. ஆனால் முடிவெடுக்கும் துணிவுக்கு அடித்தளமாய் இருந்தது, மிஷனரிகள் இல்லாத அந்த ஆண்டுகளிலும் ஞாயிறு ஆராதனை நின்றுபோகவில்லை என்னும் அனுபவமே. அபிஷேகம் பெற்ற உள்நாட்டு ஐயர்களும் அவர்களினும் எண்ணிக்கையில் மிகுந்த பிரசாரக்குகளும் சபையை நடத்தினர். மிஷன் போய்விட்டது, சபை இருக்கிறது என்பதை அவர்கள் அன்றாடம் கண்டிருந்தனர்.

தன்னாட்சி ஒரு நாளின் தீர்மானத்தால் மட்டும் பிறப்பதில்லை. அதற்கு முன் நெடுங்காலம் யார் கற்பித்தார், யார் பாட்டை எடுத்துக்கொடுத்தார், யார் அடக்க ஆராதனையை நடத்தினார் என்பதில் அதன் வேர்கள் உள்ளன. அதுபோலவே சமத்துவமும் சபையின் விசுவாச அறிக்கையில் எழுதப்பட்டிருப்பதால் மட்டும் வந்துவிடுவதில்லை; திருவிருந்து மேசைக்குப் பின்னால் யார் நிற்க அனுமதிக்கப்பட்டார் என்பதே அதன் அளவுகோல்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஷன் ஆவணங்களை வாசிக்கும்போது, மிஷனரியின் கையொப்பத்தோடு நின்றுவிடாதீர்கள். அவருடைய வாக்கியங்களுக்குள் பெயரோடோ பெயரின்றியோ வந்துபோகும் உபதேசியாரைத் தொடருங்கள்: அவர் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டார், என்ன சம்பளம் பெற்றார், எதைக் கேட்டு மறுக்கப்பட்டார் எனக் குறித்துக்கொள்ளுங்கள். சபைப் பதிவேடுகளில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தியவர் யார் என்று பாருங்கள். இன்றும் நம் சபைகள் பலவற்றில் ஐயர் மாதத்துக்கு ஒருமுறையே வந்துபோகும் ஊர்கள் இருக்கின்றன. இடைப்பட்ட ஞாயிறுகளை நடத்துபவர் இன்றும் உபதேசியாரே. இராஜநாயக்கனுக்கு அளிக்கப்படாத மதிப்பை அவருக்கேனும் அளித்திருக்கிறோமா என்பது வரலாற்றாய்வாளரும் சபையாரும் சேர்ந்து விடை காணவேண்டிய வினா.