ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு எழுத்தும்: படம் வராத வீடியோக்களின் கதை

சித்தப்பா கல்யாண சிடி போன மாதம் என் கைக்கு வந்தது. "சத்தம் வருது, படம் வரல. கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன், தூக்கிப் போட்டுடவா?" என்று சித்தி கேட்டார். போட்டுப் பார்த்தேன். நாதஸ்வரம் கணீரென்று கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. சத்தம் ஒழுங்காக வருகிற ஃபைல் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் இந்த கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். ஏன் இல்லை என்று தேடப் போனபோது முப்பது வருடக் கதை ஒன்று கிடைத்தது.

முதலில் ஒரு அடிப்படை. ஃபைலின் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஏவிஐ, எம்பி4, எம்கேவி எல்லாம் டப்பாவின் பெயர்தான். உள்ளே இருக்கிற படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் முறைக்குப் பெயர் கோடெக். நம்ம வீட்டு அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தால் மிளகாய்த்தூள் இருக்குமே, அந்த மாதிரி. டப்பாவைப் பார்த்து உள்ளே என்ன என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் டப்பாவுக்குள் ஒரு சீட்டு ஒட்டும் பழக்கம் வந்தது.

அந்தச் சீட்டு நாலே எழுத்து. நாலு எழுத்து என்றால் நாலு பைட், கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் படித்துவிடும். 1984இல் வந்த மேக்கின்டாஷ், ஃபைல் வகைகளை இப்படி நாலெழுத்தில் குறித்து வைத்தது. 1985இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அமிகா கம்ப்யூட்டருக்காக உருவாக்கிய ஐஎஃப்எஃப் அமைப்பும் அதே வழியில் போனது. 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் சேர்ந்து அதைக் கொஞ்சம் மாற்றி ரிஃப் என்று கொண்டுவந்தன. 1992 நவம்பரில் அதன்மேல் கட்டப்பட்டதுதான் ஏவிஐ. சினிபேக் முறையில் சுருக்கிய படம் என்றால் சி-வி-ஐ-டி, இன்டியோ என்றால் ஐ-வி-3-2 என்று சீட்டு. பிளேயர் சீட்டைப் படிக்கும், அந்தப் பெயருள்ள கோடெக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் கறுப்புத் திரை.

சீட்டு உண்மையைச் சொல்லும் வரை இந்த ஏற்பாட்டில் சிக்கல் இல்லை. குழப்பம் தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்தது.

மைக்ரோசாஃப்ட் அப்போது எம்பெக்-4 என்ற பெயரில் ஒரு கோடெக் வைத்திருந்தது. அதன் மூன்றாம் பதிப்பில் படத்தைச் சுருக்கினால், அதைத் தன்னுடைய ஏஎஸ்எஃப் டப்பாவில் மட்டும்தான் போட முடியும் என்று பூட்டு போட்டது. ஜெரோம் ரோட்டா என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பூட்டை உடைத்து, ஏவிஐயிலும் போடும்படி மாற்றி வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் டிவ்எக்ஸ், பக்கத்தில் கண்ணடிக்கும் குறி ஒன்று. கண்ணடிப்புக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற கடைக்காரர்கள் 1998இல் அதே பெயரில் ஒரு வட்டை விற்றார்கள். வாங்கிப் பார்க்க ஆரம்பித்த 48 மணி நேரத்தில் அது பூட்டிக்கொள்ளும், மறுபடி பார்க்க மறுபடி காசு. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, 1999இல் கடையைக் கட்டினார்கள். அந்தப் பெயரைத்தான் பூட்டை உடைத்தவர் கிண்டலாக எடுத்து வைத்துக்கொண்டார்.

இங்கேதான் சீட்டு பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. மைக்ரோசாஃப்ட் கோடெக்கின் சீட்டு எம்-பி-4-3. டிவ்எக்ஸின் சீட்டு டி-ஐ-வி-3. உள்ளே இருப்பது ஒரே சரக்கு. அதனால் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து அந்த நாலு எழுத்தை மட்டும் மாற்றினால், ஓடாத படம் ஓடும்!

அடுத்து வந்தது இன்னொரு கிளை. 2001இல் ஓப்பன்டிவ்எக்ஸ் என்று மூலநிரலைத் திறந்து வைத்தார்கள், சில மாதங்களிலேயே மூடிவிட்டார்கள். கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் பெயரைத் தலைகீழாகத் திருப்பி எக்ஸ்விட் என்று தனியாக நடத்தினார்கள். புதிய டிவ்எக்ஸ், எக்ஸ்விட் இரண்டும் எம்பெக்-4 தர விதியை ஒட்டியவை. பழைய டி-ஐ-வி-3 அந்த விதிக்கு உட்படாதது. அதனால் எக்ஸ்விட் சீட்டைக் கிழித்து டி-எக்ஸ்-5-0 என்று ஒட்டினால் பல டிவிடி பிளேயர்களில் ஓடியது. டி-ஐ-வி-3 ஃபைலுக்கு அதே வைத்தியம் பலிக்காது. சீட்டு மாற்றுவது எப்போதும் மருந்து இல்லை. உள்ளே இருக்கும் சரக்கும் ஒத்துப்போக வேண்டும்.

நம்ம ஊரில் இந்தக் கதை விசிடி வழியாக நுழைந்தது. 1993இல் வகுத்த விசிடி முறையில் எம்பெக்-1 படம், நம் பால் முறைக்கு 352க்கு 288 புள்ளிகள், ஒரு சிடியில் சுமார் 74 நிமிடம். கல்யாண வீடியோ என்றால் இரண்டு மூன்று சிடி ஆகிவிடும். கம்ப்யூட்டர் வைத்திருந்த உறவுக்காரப் பையன் யாராவது "எல்லாத்தையும் ஒரே சிடியில அடைச்சுத் தர்றேன்" என்று டிவ்எக்ஸில் சுருக்கித் தருவான். சித்தப்பா சிடியும் அப்படித்தான். மூல விசிடிகள் கீறல் விழுந்து எப்போதோ போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான்.

சிடியிலிருந்து ஃபைலை முதலில் நகல் எடுத்தேன். கடைசிப் பகுதியில் கீறல் இருந்ததால் நகல் பாதியில் நின்றது, வந்தவரை வைத்துக்கொண்டேன். வழக்கமான ஏவிஐயில் 113ஆம் பைட்டிலும் 189ஆம் பைட்டிலும் சீட்டு இருக்கும். இரண்டிலும் டி-ஐ-வி-3. ஹெக்ஸ் எடிட்டர் பிடிக்காதவர்கள் மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஃபைலை இழுத்துப் போட்டால் படம், ஒலி இரண்டின் கோடெக்கையும் சொல்லிவிடும். ஒலி எம்பி3. நாதஸ்வரம் மட்டும் ஏன் கேட்டது என்பதற்கு விடை இதுதான். எம்பி3 தெரியாத கம்ப்யூட்டர் கிடையாது.

விஎல்சியில் போட்டேன், படம் வந்துவிட்டது. 1996இல் பாரிஸ் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் வளாக நெட்வொர்க்கில் வீடியோ பார்க்க ஆரம்பித்த திட்டத்திலிருந்து வந்தது அது. 2001இல் திறந்த மூலமாக்கினார்கள். அது கம்ப்யூட்டரில் இருக்கும் கோடெக்கை நம்புவதில்லை, தன் சொந்தக் கோடெக்குகளைச் சுமந்து வருகிறது. அவற்றில் பெரும்பகுதி ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் திட்டத்திலிருந்து வந்தவை. சீட்டு டி-ஐ-வி-3 என்றாலும் எம்-பி-4-3 என்றாலும் ஒரே சரக்கு என்பது அதற்குத் தெரியும்.

ஆனால் நடுவில் தாவ முடியவில்லை. எந்தக் காட்சி எங்கே என்ற அட்டவணையை ஏவிஐ கடைசியில் வைத்திருக்கும். பாதியில் நின்ற நகலில் அது இல்லை. எஃப்எஃப்எம்பெக் கொண்டு, மறுபடி சுருக்காமல், உள்ளே இருப்பதை அப்படியே புது டப்பாவுக்கு மாற்றினேன். புது அட்டவணை வந்தது. மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிவு போகும். ஒரே பிரதி இருக்கும்போது அது கடைசி வழி.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2013இல் வந்த எச்.265 முறையில் இன்று பல போன்கள் வீடியோ எடுக்கின்றன. அதை லேப்டாப்பில் போட்டால் அதே புகார்: சத்தம் வருது, படம் வரல. சரக்கு புதிது, சிக்கல் பழையது.

சித்தப்பா வீடியோவின் கடைசிச் சில நிமிடங்கள் வரவில்லை. பந்தி நடக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குள் அப்பாயி இரண்டு முறை வந்துபோகிறார், ஒரு முறை கேமராவைப் பார்த்து முகத்தை மூடிக்கொள்கிறார். அவர் அசைகிற, நடக்கிற ஒரே பதிவு எங்களிடம் அதுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சிடி இருந்தால் தூக்கிப் போடும் முன் ஒரு நகல் எடுத்து, அந்த நாலு எழுத்தைப் பாருங்கள்.